பக்கிரியின் கல்யாணத் தட்டு

கஜா புயல் கரை கடந்த பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, திருத்துறைப்பூண்டி நூர்ஜஹான் எலக்ட்ரானிக்ஸ் வாசலில் ஒரு மனிதர் சட்டைப் பையில் மூன்று பியூஸ் கட்டைகளோடு வந்து நின்றார்.

கடைக்குள் இருவர் இருந்தார்கள். ஒருவர் கடையின் உரிமையாளர் நூர்ஜஹான். இருபத்திரண்டு வருடங்களாக டெல்டாவின் செத்துப்போன டி.வி.க்களையும் மிக்சிகளையும் திறந்து பார்த்து, அவை எப்படிச் செத்தன என்று சொல்லி வருபவர். எது எதைக் கொன்றது, யார் பொய் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வார் என்பதால் ஊரில் அவருக்குக் கொஞ்சம் மரியாதையும் நிறையப் பயமும் இருந்தன. இன்னொருவர் பஞ்சநதம். இன்சூரன்ஸ் ஏஜெண்ட். புயலுக்குப் பிறகு தெருவில் தலைகாட்டினால் விழுந்த தென்னைமரத்துக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருந்ததால், கடையின் பின்பக்க ஸ்டூலில் குடியேறியிருந்தார். பேருந்து நிலையத்தில் விற்கும் துப்பறியும் மாத நாவல்கள் அத்தனையையும் படித்தவர். நூர்ஜஹானோடு சேர்ந்து இதுவரை நான்கு மர்மங்களை விசாரித்து, பதினோரு நிரபராதிகளைக் கண்டுபிடித்திருந்தார். அவர் கண்டுபிடிக்கும்போது அவர்கள் குற்றவாளிகளாக இருந்தார்கள்.

"அக்கா, என் பேரு பக்கிரி. ஜெனரேட்டர் ஓட்டுறேன்" என்றார் வந்தவர். "என் வண்டியைப் பிடிச்சு வெச்சுட்டாங்க."

பஞ்சநதம் நோட்டைத் திறந்து 'பக்கிரி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார்.

மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் டெல்டாவில் அரசாங்கத்தைவிட அதிகம் எதிர்பார்க்கப்பட்டது ஜெனரேட்டர் வண்டிதான். மினி வேனின் முதுகில் டீசல் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். வீட்டுக்கு ஒரு மணி நேரம். மாடித் தொட்டியில் தண்ணீர் ஏற்றி, செல்போனுக்கு உயிர் ஊட்டி, அடுத்த வீடு. பக்கிரி நேற்று மதியம் அகரவெளியில் நாகநாதன் வீட்டுக்குப் போயிருந்தார். அங்கே டி.வி., மிக்சி, டேபிள் ஃபேன், கேமரா பெட்டி நான்கும் எரிந்துபோயின. வண்டியை உள்ளே விட்டு கேட்டைப் பூட்டிவிட்டார்கள்.

"நஷ்டத்தைக் கொடுன்னு சொல்றாரா?" என்றார் நூர்ஜஹான்.

"அதான்க்கா புரியலை. ஒரு பைசா கேக்கலை. 'இந்தக் கேமரா பெட்டி உள்பட எல்லாம் என் ஜெனரேட்டராலதான் எரிஞ்சுது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வண்டியை எடுத்துட்டுப் போங்கிறாரு. போட்டா இந்த ஜில்லாவுல இனிமே எவன் என்னைய வீட்டுக்குள்ள விடுவான்? போடலைன்னா வண்டி இல்லை. நான் பண்ணாத தப்புக்கா அது. வண்டிதான் எனக்குச் சோறு."

"பண்ணலைன்னு எப்படிச் சொல்றீங்க?"

பக்கிரி பையிலிருந்து பியூஸ் கட்டைகளை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார்.

"எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலை, மெயின்ல இருக்கிற பியூஸ் கட்டையைக் கழட்டி என் பையில போட்டுக்குவேன். இல்லைன்னா என் கரண்டு கம்பி வழியா வெளிய போயிடும். போஸ்ட்டு மேல வெளி ஜில்லாலேருந்து வந்த லைன்மேன் பய ஒருத்தன் தொங்கிக்கிட்டிருப்பான். அவன் வீட்டுக்கு உசுரோட போகணும்ல? ரெண்டாவது, வீட்ல இருக்கிற எல்லாப் பிளக்கையும் பிடுங்கச் சொல்லிடுவேன். என்னோட குண்டு பல்பு ஒண்ணு மட்டும் எரியும். முதல்ல மோட்டர். அது நின்னப்புறம்தான் செல்போன். டி.வி., பிரிட்ஜெல்லாம் என் கரண்டுல கிடையவே கிடையாது."

"மோட்டரை நிறுத்துறப்ப?" என்றார் நூர்ஜஹான். அதுதான் முக்கியம் என்பதுபோல் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"தட்டு!" என்றார் பக்கிரி. "இஞ்சின் பழசுக்கா. மோட்டர் ஓடுறப்ப மூச்சு வாங்கும். நான் ஆக்சிலேட்டரைக் கூட்டி, மீட்டர்ல இருநூத்தி முப்பதுக்குக் கொண்டாந்து நிறுத்துவேன். சொல்லாம கொள்ளாம மோட்டரை நிறுத்திட்டா, நுகத்தடி கழண்ட மாடு மாதிரி பாஞ்சிடும். முந்நூத்தம்பதைத் தொடும். அந்த நேரத்துல எது சொருகியிருந்தாலும் காலி. இஞ்சின் சத்தத்துல கத்துனாலும் கேக்காது. அதனால வீட்டுக்காரங்க கையில ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் கொடுத்துடுவேன். நிறுத்துறதுக்கு முன்னாடி தட்டணும். நான் இஞ்சினைத் தணிச்சுட்டுக் கை காட்டுவேன். அப்புறம்தான் நிறுத்தணும். நேத்து தட்டுச் சத்தமே வரலை."

"என்ன தட்டு?"

"என் கல்யாணத் தட்டு. பேர் வெட்டியிருக்கும். தொலைஞ்சுபோயிடக் கூடாதுல்ல."

நூர்ஜஹான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பையை எடுத்தார். பஞ்சநதம் ஏற்கெனவே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார்.

வழி நெடுகச் சாய்ந்த கம்பங்கள் வயலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தன. சம்பா மட்டும் எதுவும் நடக்காததுபோல் பச்சையாக நின்றது. போகிற வழியிலேயே, இரவல் மொபெட்டில் பக்கத்திலேயே வந்த பக்கிரி அகரவெளியின் விவகாரத்தைச் சொல்லி முடித்துவிட்டார். ஊருக்கே தெரிந்த விவகாரம் அது. நாகநாதன் நிலத்தை ஒட்டி மருதையனின் ஒன்றரை மா, அதாவது அரை ஏக்கர் நிலம். மருதையனின் அப்பா அந்த நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர், பிறகு குத்தகைதாரர், கோர்ட்டு, கட்சி, கொடி எல்லாவற்றையும் தாண்டி முப்பது வருடம் கழித்துக் கிரயம் வாங்கியவர். இரண்டு நிலத்துக்கும் நடுவே இருந்த எல்லைக்கல் புயலன்று காணாமல் போய்விட்டது. காற்று பிடுங்கிவிட்டது என்கிறார் நாகநாதன். அவர் வீட்டு மாடிக் கேமரா நெல் களத்தைப் பார்ப்பது; போகிறபோக்கில் அந்த வரப்பையும் பார்க்கிறது. பார்ப்பதெல்லாம் அந்தக் கேமரா பெட்டியில் பதிவாகும். "புயலுக்கு முந்தின நாள் படத்தைப் போட்டுக் காட்டுங்க" என்று மருதையன் நாலு பேர் முன்னிலையில் கேட்டிருந்தார். "கரண்ட் வரட்டும், பார்த்துக்கலாம்" என்று நாகநாதனும் சொல்லியிருந்தார். திங்கள்கிழமை, அதாவது நாளை, தாலுகா சர்வேயர் அளக்க வருகிறார்.

"அந்தக் காகிதம் சர்வேயருக்கு" என்றார் நூர்ஜஹான்.

"குற்றவாளி மருதையன்!" என்றார் பஞ்சநதம், காற்றில் கத்தி. "கல்லை நகர்த்தினதே அவன்தான். படம் வெளிய வந்துடும்னு பெட்டியைக் காலி பண்ணிட்டான்."

"படத்தைப் போடுன்னு கேட்டதே அவர்தானே, தம்பி?"

பஞ்சநதம் சாலையில் இருந்த ஒரு சிறு பள்ளத்தை மிகுந்த கவனத்தோடு சுற்றி ஓட்டினார்.

நாகநாதன் வீடு பெரியது. புயல் அதன் ஓடுகளில் பத்துப் பதினைந்தை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. பழுது பார்க்க வந்திருப்பதாக நூர்ஜஹான் சொன்னதும், நாகநாதன் ஒரு கணம் யோசித்துவிட்டு, "பாருங்கம்மா, பாருங்க. ஒண்ணும் தேறாது" என்றார். அறுபது வயது. வெள்ளை வேட்டி. வராந்தாவில் நான்கு பிணங்களும் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. படிக்கட்டுக்குக் கீழே, வெயிலில், மருதையன் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். காலையிலிருந்தே நிற்கிறார்போல. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

நூர்ஜஹான் தரையில் சம்மணமிட்டு டி.வி.யின் முதுகைத் திறந்தார். உள்ளே, கரண்ட் நுழைகிற வாசல் பக்கம் கறுத்திருந்தது. "ஓவர் வோல்டேஜ். பக்கிரி சொன்ன மாதிரி மோட்டர் சட்டுனு நின்னிருக்கு" என்றார். மிக்சியும் ஃபேனும் அப்படியே. பஞ்சநதம் பொருட்களின் பெயர்களை நோட்டில் எழுதினார். எழுதும்போது ஏதோ உறுத்தியது. டி.வி.யின் மேல் அரசு முத்திரை. மிக்சியின் மேல் ஒரு முத்திரை. ஃபேனின் மேலும். டி.வி. முந்தின ஆட்சி கொடுத்தது. மிக்சியும் ஃபேனும் பிந்தின ஆட்சி கொடுத்தவை. எரிந்ததில் இரண்டு கட்சிக்கும் பங்கு இருந்தது.

"உள்ள வேற சாமான் ஏதும் இல்லீங்களா?" என்று கேட்டார் நூர்ஜஹான்.

நாகநாதனின் மனைவி சாவித்திரி அவர்களை உள்ளே அழைத்துப்போனார். கூடத்தில் துபாயிலிருந்து மகன் அனுப்பிய டி.வி., ஜன்னல் அளவுக்கு. பக்கத்தில் இரட்டைக் கதவு பிரிட்ஜ். இரண்டின் வயர்களும் அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, அவையவற்றின் தலையில் வைக்கப்பட்டிருந்தன.

"யாரும்மா இப்படிச் சுத்தி வெச்சது?"

"நான்தான். பக்கிரி சொன்னாரேன்னு எல்லாத்தையும் ஒண்ணு விடாம பிடுங்கி, சுத்தி வெச்சேன். அப்படியும் நாலு எரிஞ்சுபோச்சு. எப்படின்னே தெரியலை."

பழைய டி.வி. இருந்த இடத்தில் பஞ்சநதத்தின் செருப்பில்லாத காலில் ஏதோ ஒட்டியது. ரப்பர் பேண்ட். ஃபேன் இருந்த இடத்தில் இன்னொன்று. மிக்சி இருந்த மேடையில் மூன்றாவது. அவர் அவற்றைப் பெருமையோடு நூர்ஜஹானிடம் நீட்டினார், என்ன பெருமை என்று தெரியாமலே. நூர்ஜஹான் அவற்றை வாங்கி வளையல்போல் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார்.

மோட்டர் சுவிட்ச் கொல்லைப்புறத்தில் இருந்தது. மாடித் தொட்டி நிரம்பினால் தண்ணீர் வழிகிற குழாய் சுவிட்சுக்கு நேர்மேலே சுவரில் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயில் ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. நல்ல அகலமான வலை. இரண்டு மூன்று பூச்சிகள் காய்ந்து தொங்கின.

"நேத்து சுவிட்ச் பக்கத்துல யாரு இருந்தது?"

"நான்தான்" என்றார் பின்னால் வந்த நாகநாதன். "தொட்டி நிரம்பி வழிஞ்சுது. நிறுத்தினேன். அதுக்கு முன்னாடி தட்டையும் தட்டினேன், ஒண்ணுக்கு மூணு தடவை. இவன் காதுல விழலைன்னா நான் என்ன பண்றது?"

"எந்தத் தட்டு சார்?"

"எந்தத் தட்டா? இவன் கொடுத்ததுதான். பேர் வெட்டின தட்டு. கேளுங்க அவனையே."

"ஆமா, அதான் கொடுத்தேன்" என்றார் பக்கிரி பரிதாபமாக.

பஞ்சநதத்துக்கு இப்போது எல்லாம் தெளிவாகிவிட்டது. பக்கிரியின் காதுதான் குற்றவாளி. இதை நோட்டில் எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே நூர்ஜஹான் வராந்தாவுக்குத் திரும்பிவிட்டார்.

கடைசியாகக் கேமரா பெட்டி. அதன் மேல்மூடி உருகிக் கறுத்திருந்தது. அதற்குக் கரண்ட் கொடுக்கும் சிறிய அடாப்டரை நூர்ஜஹான் முதலில் உடைத்தார், உள்ளே வெடித்திருந்தது. பிறகு பெட்டியை முகர்ந்தார். பஞ்சநதத்திடம் நீட்டினார்.

"என்ன வாசனை, தம்பி?"

பஞ்சநதம் கண்ணை மூடி முகர்ந்தார். அவர் கை தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போனது. "கோயில் வாசனைக்கா."

நூர்ஜஹான் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். படிக்கட்டுப் பக்கம் திரும்பி, "மருதையன் அண்ணே, நேத்து நீங்க எங்க இருந்தீங்க?" என்றார்.

"இங்கதான், இதே படியில. செல்லுல சார்ஜ் போட வந்தேன். படத்தையும் பாத்துட்டுப் போகலாம்னு. மோட்டர் நிக்கட்டும்னாரு பக்கிரி, உக்காந்திருந்தேன். அம்மா கார்த்திகைப் பொரி கொண்டாந்து கொடுத்தாங்க."

"எதுல?"

மருதையன் சாவித்திரியைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"தட்டுலதான். பொரி தீந்தப்புறம் அடியில எழுத்து தெரிஞ்சுது. 'பக்கிரி – தனலெட்சுமி திருமணம், 12.6.98.' நல்லா ஞாபகம் இருக்கு. படிச்சுக்கிட்டிருக்கேன், அந்தக் குண்டு பல்பு பளீர்னு எரிஞ்சு பட்டுனு போச்சு. தட்டு அப்ப என் மடியில."

கொல்லையில் ஒரு மாடு ஏதோ சொன்னது.

"சாவித்திரியம்மா, உங்க வீட்ல எத்தனை தட்டு இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார் நூர்ஜஹான்.

"அது... இருக்கு, முப்பது நாப்பது."

"அப்புறம் ஏன் பக்கிரி தட்டு?"

"அடுப்படி வாசல்ல இருந்துச்சு. வெளி ஆள் தட்டுதானே, இவருக்குக் கொடுத்தா நம்ம தட்டு..." சாவித்திரி நிறுத்திக்கொண்டார். முந்தானையின் நுனியை விரலில் சுற்றினார். மீதி வாக்கியத்தை அங்கிருந்த எல்லோரும் அவரவர் மனத்துக்குள் முடித்துக்கொண்டார்கள். மருதையன் அதை நேற்றே முடித்திருந்தார்.

நூர்ஜஹான் எழுந்து நின்றார். குரல் உயரவில்லை.

"நாகநாதன் சார், நான் சொல்றேன், தப்பு இருந்தா திருத்துங்க. கரண்ட் வந்தா படத்தைக் காட்டணும்னு ஆயிடுச்சு. அதனால கரண்ட் வர்ற அன்னிக்கே பெட்டி சாகணும். பக்கிரி இஞ்சினோட கிறுக்கு என்னன்னு அவர் வாயாலேயே கேட்டுக்கிட்டீங்க. அம்மா பிடுங்கி வெச்சதுல நாலை மட்டும் மறுபடி சொருகினீங்க. பெட்டி ஒண்ணு மட்டும் எரிஞ்சா சந்தேகம் வரும், துணைக்கு மூணு வேணும். அதுக்கு எதை எடுத்தீங்க? சர்க்கார் கொடுத்ததை. கரண்டுக்கு இலவசம் எது, துபாய் சாமான் எதுன்னு தெரியாது சார். ரப்பர் பேண்டை அவுத்த கைக்குத் தெரியும்."

அவர் மணிக்கட்டிலிருந்து மூன்று ரப்பர் பேண்டுகளையும் கழற்றிச் செத்த டி.வி.யின் மேல் வைத்தார்.

"அப்புறம் கொல்லைக்குப் போய் மோட்டரைச் சட்டுனு நிறுத்தினீங்க. தொட்டி வழியவே இல்லை. வழிஞ்சிருந்தா அந்தக் குழாய் வாயில சிலந்தி வலை இருக்காது. தட்டையும் தட்டலை. தட்டு மருதையன் அண்ணன் மடியில பொரியோட இருந்துச்சு."

"பெட்டி?" என்றார் பஞ்சநதம், பொறுக்க முடியாமல்.

"அதான் வேடிக்கை. முந்நூத்தம்பது வோல்ட்டும் அடாப்டரோட வாசல்லேயே செத்துப்போச்சு. பெட்டிக்கு ஒண்ணும் ஆகலை. பாத்தாப் புதுசு மாதிரி இருக்கே, எவன் நம்புவான்? அதனால சார் மேல கற்பூரம் கொளுத்தியிருக்காரு. கரண்ட் எரிச்சா உள்ளேருந்து எரியும். இது வெளிய கறுப்பு, உள்ள சுத்தம். டிஸ்க் அப்படியே இருக்கு."

பெட்டிக்குத் தீபாராதனை காட்டிய நாகநாதன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"எனக்கு வேற அடாப்டர் இருக்கு" என்றார் நூர்ஜஹான். "பக்கிரி இஞ்சினைப் போடட்டும். முதல்ல இருநூத்தி முப்பதான்னு மீட்டர்ல பாத்துட்டு, பெட்டியைச் சொருகிப் படத்தைப் போடலாம். அந்தத் துபாய் டி.வி.யில பெருசா தெரியும். போடட்டுமா?"

நாகநாதன் மனைவியைப் பார்த்தார். சாவித்திரி அவரைப் பார்க்கவில்லை.

"வேண்டாம்" என்றார். தொண்டையைச் செருமினார். "கல்லு மாட்டுக் கொட்டகையில இருக்கு. தண்ணித் தொட்டிக்கு முட்டுக் கொடுத்திருக்கேன். மருதையா, எடுத்துட்டுப் போய்ப் பழைய இடத்துல நட்டுடு. விஷயம் நமக்குள்ளயே முடியட்டும்."

பஞ்சநதத்துக்கு அது நியாயமாகவே பட்டது. மருதையன் அப்போதுதான் முதல்முறையாகப் படியேறி வராந்தாவுக்கு வந்தார்.

"இல்லை சார். கல்லை யாரும் தொட வேண்டாம். நான் எடுத்து நட்டா, நான் எடுத்து நட்டதாத்தான் நாளைக்கு ஊரு பேசும். சர்வேயர் வரட்டும், தொட்டிக்கடியில பாக்கட்டும், அவரே நடட்டும். இன்னிக்கு முழுக்க நான் கொட்டகை வாசல்ல இருக்கேன். பெட்டியை அக்கா சீல் வெச்சு இந்த வராந்தாவுலேயே வைக்கட்டும்."

பஞ்சநதம் தன் நோட்டில் முதல்முறையாக ஒரு பெயரை, மருதையனின் பெயரை, அடித்தார். பிறகு, நாணயமான மனிதராகையால், பக்கிரியின் பக்கத்திலிருந்த கேள்விக்குறியையும் அடித்தார்.

கையெழுத்துப் போடாத காகிதம் பக்கிரியிடம் கொடுக்கப்பட்டது. அவர் அதை நான்காகக் கிழித்து, இஞ்சினின் எண்ணெயைத் துடைக்கப் பயன்படுத்திக்கொண்டார். கேட் திறந்தது. அப்போது சாவித்திரி வாசலுக்கு வந்து, யாரிடம் என்று இல்லாமல், "தொட்டி பாதிதான் இருக்கு" என்றார்.

பக்கிரி நூர்ஜஹானைப் பார்த்தார். நூர்ஜஹான் பெட்டிக்குச் சீல் வைத்துக்கொண்டிருந்தார். பக்கிரி ஒரு பெருமூச்சோடு வண்டியை மீண்டும் உள்ளே கொண்டுவந்தார். பியூஸ் கட்டைகள் பையில் இருக்கின்றனவா என்று தட்டிப் பார்த்தார். எல்லாப் பிளக்கும் பிடுங்கியிருக்கின்றனவா என்று இந்த முறை தானே வீடு முழுக்கப் போய்ப் பார்த்தார். புதுக் குண்டு பல்பு ஒன்றை மாட்டினார். பிறகு அடுப்படி வாசலில் கழுவிக் கவிழ்த்திருந்த தன் கல்யாணத் தட்டை எடுத்துக்கொண்டு நாகநாதனைத் தாண்டிப் போய், மாட்டுக் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்த மருதையனிடம் கரண்டியோடு நீட்டினார். சுவிட்ச் அங்கிருந்து பத்தடி.

"நீங்க தட்டுங்கண்ணே."

இஞ்சின் உறுமியது. முக்கால் மணி நேரம் கழித்துச் சிலந்தி வலையைக் கிழித்துக்கொண்டு குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. மருதையன் எழுந்து போய்த் தட்டை ஓங்கித் தட்டினார். பக்கிரிக்கு ஒரு தட்டு போதும். அவர் இஞ்சினைத் தணித்துக் கையும் காட்டிவிட்டார்.

மருதையன் சுவிட்சை அணைத்தார். இஞ்சின் துள்ளவில்லை, பல்பு கொஞ்சமும் கூடக் குறைய எரியவில்லை. அதன் பிறகும் அவர் இன்னும் இரண்டு முறை தட்டினார். அது இஞ்சினுக்கு இல்லை என்பது பஞ்சநதத்துக்கே புரிந்தது.